சாவடிச் சுவரில் எழுதியது யாருக்கு?

நெடுவயல் அரசர் விசயராயருக்குத் தம் புகழைப் படிப்பதென்றால் கொள்ளை ஆசை. அதை எழுதுவதென்றால் அரண்மனை எழுத்தன் ஏகம்பனுக்கும் கொள்ளை ஆசை. இருவருக்கும் பொழுது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அடைமழை வந்தது.

பெரிய ஏரியின் கரை இளகிவிட்டது. உடைந்தால் கீழே இருக்கும் வயலும் தெருவும் தண்ணீரில் போய்விடும்.

"கரைமேல் வண்டி ஏறக் கூடாது. உடனே அறிவிப்பு எழுது!" என்றார் அரசர்.

கரை தொடங்கும் இடத்தில், தோப்பு வழி பிரியும் முனையில், வண்டிக்காரர்கள் இளைப்பாறும் ஒரு சாவடி. அதன் சுவரில் ஏகம்பன் காவியால் எழுதினான். அரசரின் வீரம், கொடை, மீசை, அவர் ஏறும் யானையின் நடை எல்லாம் எழுதி முடித்தபோது அடியில் கையகல இடம்தான் மிச்சம். புல் மறைக்கும் அந்த இடத்தில் வண்டி சமாசாரத்தை எழுதினான். அரசர் நேரில் வந்து முழுதும் படித்தார். மீசைப் பகுதியை மட்டும் மறுபடி படித்துக்கொண்டார்.

மறுநாளே ஒரு உப்பு வண்டி கரையிலிருந்து ஏரிக்குள் சரிந்தது. வண்டிக்காரனும் மாடுகளும் தப்பினார்கள். உப்பு ஏரியில் கரைந்தது.

"யாருக்காக எழுதினாய்?" என்று சீறினார் அரசர்.

"நாட்டு மக்கள் அனைவருக்கும், அரசே."

"அனைவரும் படித்துவிட்டா ஏரியில் விழுகிறார்கள்?"

கருவூல அதிகாரி காளத்தியார் முன்னால் வந்தார். வீட்டில் வேலையில்லாமல் ஒரு மருமகனை வைத்திருப்பவர் அவர். "ஏகம்பன் எழுத்தில் வல்லவராயிற்றே! காவலாள் எதற்கு? நாளைக்கு வரும் உப்பு வண்டிகளை எழுத்தாலேயே நிறுத்தட்டும். முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்கலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

ஏகம்பன் சாவடிக்கு ஓடினான். சுவருக்கு எதிரே உப்பு வண்டிக்காரர் ஒருவர் கட்டுச்சோறு தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, சுவத்துல என்ன எழுதியிருக்கு?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான்.

"ராசா மீசையப் பத்திங்க. மீதியப் படிக்கல. எழுதினவருக்கு வேற வேலை இல்ல போல."

"இந்த வேலைதான் இருக்கு அண்ணே. அதுவும் நாளை வரைக்கும்."

வண்டிக்காரருக்குப் புரையேறிவிட்டது. "ஐயையோ, நீங்கதானா அது! யானை நடை எல்லாம் ரொம்ப நல்லா இருக்குங்க."

"அதை விடுங்க. கரை இளகிக் கிடக்கு, அதுமேல ஏறாதீங்க. உங்க ஆளுங்க எதைச் சொன்னா நின்னு கேப்பாங்க?"

"உப்பு நனைஞ்சிடும்னு சொல்லுங்க, நின்னுடுவோம். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சவன் கத்திச் சொல்லுவான். ஆனா சுருக்கமா இருக்கணும்."

ஏகம்பன் சுண்ணாம்பை எடுத்தான். வீரம் போயிற்று. கொடை போயிற்று. மீசையைப் பூசும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு ஆளுயர எழுத்தில் எழுதினான்:

"உப்பு வண்டிக்காரரே! கரையில் ஏறினால் உப்பு ஏரிக்குள். தோப்பு வழியே போங்கள்."

மறுநாள் வந்த வண்டிகள் வரிசையாகத் தோப்புப் பக்கம் திரும்பின. ஒன்றுகூடக் கரையில் ஏறவில்லை.

காளத்தியார் மூச்சிரைக்க அரசரிடம் ஓடினார். "அரசே! உங்கள் புகழைச் சுண்ணாம்பு பூசி அழித்துவிட்டான்!"

அரசர் நேரே சாவடிக்கு வந்தார். சுவரைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"ஏகம்பா! நான் எழுதச் சொன்ன அறிவிப்பில் என் பெயர்கூட இல்லையே!"

"அரசே, முன்பு எழுதியதை உலகமே படிக்கும் என்று நம்பினேன். நேற்றுதான் தெரிந்தது, முழுதாகப் படித்தவர் தாங்கள் ஒருவர்தான். சுண்ணாம்பு பூசும்போது நானே படித்துப் பார்த்தேன். பாதியில் கொட்டாவி வந்துவிட்டது."

அரசரின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கினாரோ, கோபத்தை அடக்கினாரோ, காளத்தியாருக்குப் புரியவில்லை.

"அது கிடக்கட்டும். இதில் ஒரு மூலையிலாவது என்னைச் சேர்க்கக் கூடாதா? நான் இந்த நாட்டு அரசன் இல்லையா?"

ஏகம்பன் கைகட்டி, மிகப் பணிவாகச் சொன்னான்:

"தாங்கள்தான் அரசர். ஆனால் தங்களிடம் உப்பு வண்டி இல்லையே!"

அரசர் சிரித்த சிரிப்பில் சாவடியில் கட்டியிருந்த மாடுகள் மிரண்டன. தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து ஏகம்பனுக்குப் போர்த்தினார். காளத்தியாரின் மருமகன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்.