முன்வாடகை கேட்ட விருந்தாளி

வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே, "மூன்று மாத வாடகையை எடுத்து வை" என்று நம்மிடமே கேட்கும் விருந்தாளி யார்? இது சின்னப் புதிர். விடை கதைக்குள்ளேயே இருக்கிறது. பெரிய புதிர் கடைசியில் வரும். சிறு விவரங்களையும் விட்டுவிடாமல் கேளுங்கள்.

நெடுங்கரடு என்பது ஒரு மலையூர். அங்கே செல்பேசியில் ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் பாறை உச்சிக்கு ஏற வேண்டும். அந்த ஊரில் மூன்று பேர் சேர்ந்து சொந்தமாக இணையச் சேவை தொடங்க முடிவு செய்தார்கள். அடிவாரத்தில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்திடம் இணைப்பை மொத்தமாக வாங்குவது, கேபிள் இழுத்து மேலே கொண்டுவருவது, வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பது. இதுதான் திட்டம். எவ்வளவு செலவாகும்? மூவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். யாருடைய கணக்கு நிஜச் செலவை ஒட்டி வருகிறதோ, அடுத்த ஊருக்கும் அவரே கணக்குப் போடுவது என்று கைகோத்துப் பேசிக்கொண்டார்கள்.

கோட்டைச்சாமி மின்பொருள் கடைக்காரர். கடையை விட்டு நகராமல் எல்லா விலைகளையும் தொலைபேசியில் விசாரித்தார். தூரத்தை மட்டும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தார். கேபிளுக்கு ஒரு லட்சம், புதிய கம்பங்களுக்கு இரண்டு, கருவிகளுக்கும் உரிமத்துக்கும் இரண்டு, நிறுவனத்துக்கு மூன்று மாத முன்வாடகை ஒன்று. மொத்தம் ஆறு லட்சம்.

பவுலின் பத்து வருடமாகக் கேபிள் டிவி நடத்துபவர். அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு மலைப்பாதை முழுக்க நடந்து அளந்தார். வழியில் இருந்த தெருவிளக்குக் கம்பங்களை எண்ணினார். ஊராட்சியிடம் கேட்டு, அவற்றிலேயே கேபிளைக் கட்டிக்கொள்ள அனுமதி வாங்கினார். கேபிளுக்கு இரண்டு லட்சம், இடையிடையே புதிதாக நட வேண்டிய சில கம்பங்களுக்கு ஒன்று, கருவிகளுக்கும் உரிமத்துக்கும் இரண்டு. மொத்தம் ஐந்து.

"ஏன் கோட்டச்சாமி, மலைப்பாதை என்ன ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரியா போகுது?" என்று பவுலின் சிரித்தார்.

"நீங்க மட்டும் என்னக்கா, முன்வாடகையவே காணோம்?"

"வசூல் பண்ணித்தானப்பா வாடகை கட்டுவோம்! கேபிள் டிவியில எனக்குத் தெரியாத வழக்கமா?"

மூன்றாமவர் இத்ரீஸ், செல்பேசி பழுது பார்ப்பவர். அவர் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குத்துமதிப்பாக ஐந்தரை லட்சம் என்று எழுதி, அதன் கீழே 'இன்னும் தெரியாதது' என்று ஒன்றரை லட்சம் சேர்த்திருந்தார். மொத்தம் ஏழு.

"தெரியாததுக்கு எப்படிடா விலை கேட்ட? எந்தக் கடையில?" என்று கோட்டைச்சாமி கேலி செய்தார்.

"அது தெரிஞ்சா அந்த வரியையே அடிச்சிருப்பேனே!" என்றார் இத்ரீஸ்.

எதற்கும் இருக்கட்டும் என்று இத்ரீஸ் சொன்னபடியே ஊரில் ஏழு லட்சம் பங்கு திரட்டினார்கள். வேலை விறுவிறுவென்று நடந்தது. கேபிளும் கம்பமும் கருவியும் பவுலின் எழுதியபடியே வந்தன, ஒரு ரூபாய் பிசகவில்லை. ஆனால் கடைசி நாளில் அடிவாரத்து நிறுவனம், "மூன்று மாத வாடகையைக் கட்டினால்தான் இணைப்பைத் திறப்போம்" என்றது. கையில் மீதம் இருந்ததால் ஒரு லட்சத்தைக் கட்டினார்கள். பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது! தெருவே கைதட்டியது. பாறை உச்சியில் நின்றவர்கள்கூட இறங்கி ஓடிவந்தார்கள்.

ஆன செலவு சரியாக ஆறு லட்சம்.

"பார்த்தீங்களா! அச்சு அசலா என் கணக்கு!" என்று கோட்டைச்சாமி துள்ளினார்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவே, மேல்மலையிலுள்ள மஞ்சப்பாறையிலிருந்து குப்பாயி என்பவர் தன் மகள் நாச்சியோடு வந்து நின்றார்.

"எங்க ஊருக்கும் கணக்குப் போட்டுக் குடுங்க. தெருவிளக்குகூட இல்லாத ஊரு, பாதையும் பாம்பு மாதிரி வளையும். முப்பது வீட்டு மிளகுக் காசை வச்சுத்தான் வேலை. குறைச்சுச் சொன்னீங்கன்னா பாதியில நின்னு, கேபிள் காத்துல ஆடும். எதுக்கு எவ்வளவுன்னு சொல்லாம கூட்டிக் கேட்டீங்கன்னா, வீட்டுக்காரங்க காசையே வெளிய எடுக்க மாட்டாங்க. யாரு போடப் போறீங்க?"

"நான்தான். பேசின பேச்சு அப்படி" என்றார் கோட்டைச்சாமி.

"கேபிளும் கம்பமும் யாருக்குச் சரியா வந்துச்சு?" என்றார் பவுலின்.

"என் மீதி இல்லேன்னா இன்னிக்கு எந்த விளக்கு எரிஞ்சிருக்கும்?" என்றார் இத்ரீஸ்.

குப்பாயி குழம்பிப்போனார். "இணைப்பு வந்தா அதுக்கு முன்னாடி முதல்ல உட்காரப் போறவ இவதான். இவளே சொல்லட்டும்" என்று நாச்சியை முன்னால் நிறுத்தினார்.

நீங்கள் நாச்சியாக இருந்தால் யாரிடம் கணக்கைக் கொடுப்பீர்கள்? மூவரில் யார் போட்டது சரியான கணக்கு?

விடை: கோட்டைச்சாமியின் மொத்தம் சரியாக வந்ததற்குக் காரணம், கேபிளில் குறைந்த ஒரு லட்சத்தைக் கம்பத்தில் கூடிய ஒரு லட்சம் மறைத்ததுதான். மஞ்சப்பாறையில் தெருவிளக்குக் கம்பம் கிடையாது. அங்கே எல்லாமே புதுக் கம்பம்தான். அதனால் கம்பக் கணக்கில் எதுவும் மிஞ்சாது, கேபிளுக்குப் பணம் போதாமல் போகும். இத்ரீஸின் மீதி பணம் ஊரைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் எதற்கு எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியாது. பவுலின் அளந்தது எதுவும் தவறவில்லை. விட்டது முன்வாடகை ஒன்றுதான், அதை அவர் இனி மறக்கவே மாட்டார். கடைசியில் இத்ரீஸின் 'இன்னும் தெரியாதது' என்ற வரியையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் அந்தக் கணக்கு எந்த மலைக்கும் ஏறும். பேசிய பேச்சுப்படி கணக்கு கோட்டைச்சாமிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

நாச்சி பவுலினைத் தேர்ந்தெடுத்தாள்.