ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்துச் சன்னல்

வெகு காலத்துக்கு முன்னால் மருதநாட்டை வேங்கைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. "எந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்தாலும் வெளியே பார்க்க முடியவேண்டும்" என்று ஊரறியச் சொல்லி, ஏரிக்கரையில் பள்ளிக்கூடம் கட்டும் பொறுப்பை மந்திரி மங்கைபாகரிடம் கொடுத்தான்.

மந்திரியைக் கண்டாலே ஆகாத பிரதானி ஒருவர், பெயர் உத்தண்டர். மந்திரி வெளியூர் போன சமயம் பார்த்து ராஜாவின் காதைக் கடித்தார்.

"பிரபு, வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்குப் படிப்பு ஏறுமா? சன்னலை ஆள் உயரத்தில் வைப்போம். சன்னல் என்று ஒன்று இருப்பதால் தங்கள் வாக்கும் தப்பாது, படிப்பும் கெடாது."

ராஜா தலையாட்டிவிட்டான். மங்கைபாகர் திரும்பி வந்தபோது சுவரெல்லாம் எழும்பி, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. சன்னலின் உயரத்தைக் கண்டதும் அவர் முகம் வாடியது.

ராஜா பார்வையிட வந்தான். நின்றபடி எட்டிப் பார்த்தான்.

"ஏரி தெரிகிறது, மரம் தெரிகிறது. உமக்கு ஏன் முகம் வாடியிருக்கிறது?"

"குறையில்லை பிரபு. பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானதும் வந்து பார்த்துக்கொள்வார்கள்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. மங்கைபாகர் பாயைக் காட்டினார். "ஒரு பாடம் முடிகிறவரை உட்காருங்கள். பிரதானியே பாடம் நடத்தட்டும்."

ராஜா சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நாலாபக்கமும் வெள்ளைச் சுவர். உத்தண்டர் நீதி நூலை நீட்டி முழக்கினார். கொஞ்ச நேரத்தில் ராஜாவின் கண் சுவரில் ஊர்ந்த பல்லியின் பின்னால் போய்விட்டது.

"பிரபு, பிரதானி கடைசியாக என்ன சொன்னார்?" என்றார் மந்திரி.

ராஜா விழித்தான். "பூச்சியைப் பிடித்துவிட்டது."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. உத்தண்டர் முந்திக்கொண்டார். "பிரபுவுக்குப் பழக்கமில்லை. பிள்ளைகள் சுவருக்குப் பழகிவிடுவார்கள்."

"அதுதான் எனக்குப் பயம்" என்றார் மங்கைபாகர். "ஏரியைப் பார்த்த கண் இளைப்பாறிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பும். சுவருக்குப் பழகின பிள்ளை எதையுமே தேடாது."

ராஜா பாயை விட்டு எழுந்தான். கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். "உட்கார்ந்த பிள்ளையின் கண்மட்டத்துக்குச் சன்னலை இறக்குங்கள். உத்தண்டரே, பள்ளி திறந்ததும் ஒரு மாதம் நீரும் இங்கே வந்து படியும்."

பள்ளி திறந்தது. உத்தண்டர் வெட்கத்தோடு கடைசிப் பாயில் உட்கார்ந்தார். சில நாள் கழித்து மங்கைபாகர் அந்தப் பக்கம் வந்தார். ஏரியில் ஒரு மீன்கொத்தி பாய்ந்து எழும்ப, உத்தண்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் அவரிடம் கணக்கு ஒன்று கேட்டார். திரும்பாமலே சரியான விடை சொன்னார் உத்தண்டர். பிறகு, பக்கத்தில் இருந்த சிறுமிக்கும் பறவை தெரியட்டும் என்று மெல்ல நகர்ந்து இடம் விட்டார்.