போனை எடுத்தவன்

அங்கன்வாடி ஆயா செங்கமலத்தின் செல் நம்பரை எவனோ தன் போனுக்கு மாற்றிக்கொண்டான். அதிலிருந்தே பிள்ளைகளின் தாய்மாரை அழைத்து, தான் அதிகாரி என்று மிரட்டி, ஆதார் விவரங்களைக் கறந்தான். இணையக் காவல் ஆணையத்தின் உதவி எண்ணை மூன்று நாளாக யாரும் எடுக்கவில்லை. அவள் நேரிலேயே போய் நின்றாள்.

தலைமை அதிகாரி நிமிரவில்லை. "உங்க நம்பருக்கு ஓடிபி வரும். அதைச் சொன்னாத்தான் புகாரை ஏத்துக்குவோம்."

"நம்பரே அவன்கிட்டதானய்யா இருக்கு."

"விதின்னா விதிதாம்மா."

"அப்ப அவனையே கேட்டுடுவோம்." மேசை போனில் தன் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டாள்.

இரண்டாவது ரிங்கிலேயே குரல் வந்தது: "வணக்கம், இணையக் காவல் ஆணையம். சொல்லுங்க, என்ன பிரச்சினை?"

அதிகாரியின் பேனா நின்றது.

செங்கமலம் போனை அவர் பக்கம் நகர்த்தினாள். "பேசுங்கய்யா. மூணு நாள்ல உங்க ஆணையத்துல போனை எடுத்த ஒரே ஆளு இவருதான்."