தாகத்தோடு போனவர்

"நாலு பேரையும் வெயில்ல நிறுத்தப் போறேன், அம்மா. கழுத்துல அட்டை. அட்டையில 'பானை உடைத்தவன்'னு பெருசா எழுதி, படம் எடுத்துத் தெரு வாட்ஸப்புல போட்டுருவேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஆறுமுகநயினார் மூச்சு வாங்கப் பேசி முடித்தார்.

மடத்துத் திண்ணையில் மடத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நயினாரைவிட வயதில் இளையவர். நயினாரை மடத்தம்மா அண்ணாச்சி என்பார். மடத்தம்மாவை நயினார் அம்மா என்பார். குருவுக்கு வயது குறைவு என்று நயினார் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

நயினாரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

சித்திரை வெயிலுக்காகத் தெருவே சேர்ந்து ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தது. மண்பானைகள், வேப்பிலைத் தோரணம், சங்கிலியில் கட்டிய தம்ளர். ஓடியாடிச் செய்தவர் நயினார்தான். அதனால் பந்தலில் அவர் பெயர்ப்பலகையும் தொங்கியது. பானையைவிடப் பலகை பெரிது என்று தெருவில் சிரித்தார்கள். அது அவர் காதில் விழவில்லை.

அந்தப் பானைகளைத்தான் ஒரு மத்தியானம் நாலு குழந்தைகள் உண்டிவில்லால் குறி பார்த்து உடைத்துவிட்டார்கள். யார் குறி தப்பாது என்று பந்தயமாம்.

"தப்பு செஞ்சா வலிக்கணும்லா அம்மா? இல்லேன்னா எப்படித் தெரியும்?"

மடத்தம்மா கீரையைக் கீழே வைத்தார். எழுந்து உள்ளே போய், ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

நயினார் ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னும் வேணுமா?"

"போதும்மா. இப்பதான் உயிரு வந்துச்சு."

"அன்னைக்கி தாகத்தோட போனது யாரு, அண்ணாச்சி?"

முதல் கல்லை விட்டது யார், கல் பொறுக்கிக் கொடுத்தது யார், உண்டிவில் யாருடையது, எல்லாம் நயினார் விசாரித்து வைத்திருந்தார். இதை மட்டும் விசாரிக்கவில்லை.

"தெரியலையே, அம்மா."

"கண்டுபிடிங்க. அந்த நாலையும் கூடவே கூட்டிட்டுப் போங்க. என்ன தண்டனைன்னு தாகத்தோட போனவங்க சொல்லட்டும்."

மடத்தம்மா மறுபடியும் கீரைக்குத் திரும்பிவிட்டார்.

குழந்தைகள் வாத்துக்குஞ்சு மாதிரி வரிசையாகப் பின்னால் வந்தார்கள். கடைசியில் சந்தனமாரி. நால்வரில் அவள்தான் சின்னவள்.

ஆட்டோ நிறுத்தத்தில் கேட்டதும் ஒருவர் சொன்னார். "கோலமாவு விக்கிற உலகம்மாதான் அன்னைக்கி உடைஞ்ச பானையப் பாத்துட்டு நின்னுச்சு."

உலகம்மாளை அடுத்த தெருவில், ஒரு பூவரச நிழலில் பார்த்தார்கள். பக்கத்தில் மாவுக் கூடை.

"அன்னைக்கா?" என்றாள் உலகம்மாள். "பந்தல்ல வெறும் ஓடுதான் கெடந்துச்சு ஐயா. எனக்குத் தொண்டதான் பொழப்பு. கத்துனாத்தான மாவு விக்கும்? சரின்னு வீட்டுல கேட்டேன்."

"எந்த வீட்டுல?"

"பச்சைக் கேட்டு வீடு. கொஞ்சம் தண்ணி தாங்கன்னேன். உள்ள இருந்து ஒரு ஐயா குரலு. 'அதான் பந்தல் போட்டிருக்குல்லா, அங்க போ'ன்னாக. அடுத்த வீட்டுலயும் அதே பேச்சு. முன்னால எல்லாம் கேட்டா செம்போட வருவாக. பந்தல் வந்த பொறவு அந்தத் தெருவுல ஒரு கதவும் தொறக்கல."

"அப்புறம்?"

"முக்கு திரும்பையில கண்ணு இருட்டிட்டு. கூடை கவுந்து மாவு பூரா ரோட்டுல."

சந்தனமாரி விசும்பத் தொடங்கினாள். "நாங்கதான் உடைச்சோம்."

அந்த மத்தியானம் நயினாருக்கு நன்றாக நினைவிருந்தது. சாப்பிட்ட களைப்பு, மின்விசிறிக் காற்று, வாசலில் யாரோ கூப்பிட்ட சத்தம். படுத்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். புரண்டுகூடப் படுக்கவில்லை.

தெருவில் பச்சைக் கேட்டு ஒன்றுதான். அது அவர் வீடு என்று குழந்தைகளுக்கும் தெரியும்.

மூத்த பையன் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். மற்றவர்களும் தரையையே பார்த்தார்கள். ஒரு குழந்தையும் வாய் திறக்கவில்லை.

காட்டிக்கொடுத்திருந்தால்கூட நயினாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இவங்களுக்கு என்ன தண்டனை குடுக்கலாம்மா?" நயினார் குழந்தைகளைக் காட்டினார். "வெயில்ல நிறுத்தலாம்னு இருந்தேன்."

"ஐயோ, வேண்டாம். அதுகளுக்கும் தாகம் எடுக்கும்லா? புதுப் பானை வார வரைக்கும் தண்ணி சொமந்து வந்து குடுக்கட்டும். கனம் தெரியட்டும்."

"அந்தப் பச்சைக் கேட்டுக்காரருக்கு?"

உலகம்மாள் சிரித்துக்கொண்டே கூடையைத் தலைக்கு ஏற்றினாள்.

"அவுக முகத்தையே நான் பாக்கலையே ஐயா. பாக்காதவுகளுக்கு நான் என்ன சொல்ல?"

நான்தான் என்று சொல்ல நயினார் நினைத்தார். அதற்குள் அவள் நடந்துவிட்டாள். கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் குழந்தைகள் குடங்களோடு பந்தலுக்கு வந்தார்கள். பானை இருந்த இடத்தில் யார் வீட்டு அண்டாவோ இருந்தது. பெயர்ப்பலகை அதற்கு மூடியாகிக் கிடந்தது.

பச்சைக் கேட்டைத் திறந்துகொண்டு நயினாரும் வந்தார். தோளில் நிறைகுடம். கேட்டைத் திரும்பச் சாத்தவில்லை.

சந்தனமாரி தன் குட்டிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவரை அண்ணாந்து பார்த்தாள்.

"புதுப் பானை வந்ததும் நாங்க நிறுத்திருவோம். உங்களுக்கு எதுவரைக்கும் தாத்தா?"

மூத்தவன் அவள் தலையில் குட்டினான்.

தெருமுனையில் "கோலமாவேய்" என்று குரல் கேட்டது.

நயினார் குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டு, குரல் வந்த பக்கம் நடந்தார்.