எந்தக் கரையில் அழுங்கு?

உடம்பு முழுக்கச் செதில், மீன் இல்லை. குட்டிக்குப் பால் கொடுக்கும், பசு இல்லை. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அது எது? சொல்லுங்கள் பார்ப்போம்.

அழுங்கு. எறும்புதின்னி என்றும் சொல்வார்கள். காட்டுக் குளத்துக்கு வந்த எல்லோருக்கும் அதன் பெயர் தெரியும். ஆனாலும் அதற்கு ஒரு வாய் தண்ணீர் கிடைக்கவில்லை.

அந்தக் கோடையில் குளம் பாதியாக வற்றியிருந்தது. தண்ணீருக்கு முண்டியடித்ததில் ஒரு முயல்குட்டி மிதிபட்டுச் செத்தது.

"இனி வகை பிரித்துக் குடிப்போம்," என்றது முள்ளம்பன்றி.

ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்ப்பதுதான் வகை பிரிப்பது. எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. பால் கொடுப்பவை கிழக்குக் கரை. செதில் உள்ளவை மேற்குக் கரை. கிழக்கே முள்ளம்பன்றியும் மேற்கே உடும்பும் காவல் நின்றன. அதற்குப் பிறகு யாரும் மிதிபடவில்லை.

ஒரு மாலை, வாலில் குட்டியைச் சுமந்தபடி அழுங்கு கிழக்குக் கரைக்கு வந்தது.

"நில். உனக்குச் செதில் இருக்கிறதே," என்றது முள்ளம்பன்றி.

"பாலும் இருக்கிறது, அண்ணே. இதோ என் குட்டி."

"செதில் என்றால் மேற்கே."

"உங்கள் முதுகில் இருப்பது மட்டும் என்னவாம்?"

"இதுவா? இது கொஞ்சம் தடித்த முடி," என்று சிலிர்த்துக்கொண்டது முள்ளம்பன்றி.

அழுங்கு குளத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனது.

"பால் குடிக்கிற குட்டியோடு இங்கே ஏன் வந்தாய்?" என்றது உடும்பு. "நாங்கள் முட்டையிடுகிறவர்கள். உன்னை விட்டால் நாளைக்கு மானும் வந்து நிற்கும்."

"குட்டியை மட்டுமாவது விடுங்கள்."

"விட எனக்கென்ன கசக்கிறதா? நீ எந்த வகை என்று பேசி முடிவெடுக்கிறோம். நாளைக்கு வா."

மறுநாளும் அதே பதில். அதற்கு மறுநாளும் அதே பதில்.

அழுங்குக்குப் பால் வற்றியது. வறண்ட ஓடைக்குப் போய் மணலைத் தோண்டத் தொடங்கியது. தோண்டுவதற்கென்றே அமைந்த நகங்கள் அவை. உடம்பில்தான் வலு இல்லை. வெகுநேரம் கழித்து ஈரமணல் வந்தது. பிறகு தண்ணீர் ஊறியது.

"நீ முதலில் குடி," என்றது தாய்.

குட்டி வயிறு நிறையக் குடித்துவிட்டுத் திரும்பியது. தாய் பந்தாகச் சுருண்டு கிடந்தது. குட்டி கூப்பிட்டுப் பார்த்தது. தாய் அசையவில்லை.

குளமும் சீக்கிரமே வெறும் சேறாகிவிட்டது. ஈர வாசனையைப் பிடித்துக்கொண்டு எல்லா விலங்குகளும் ஓடைக்கு வந்தன. ஊற்றின் வாயில் குட்டி உட்கார்ந்திருந்தது.

"தம்பி, நாங்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?" என்று கேட்டது முள்ளம்பன்றி. உடும்பு தலையைத் தூக்கவில்லை.

"அம்மா எந்த வகை என்று முடிவாகிவிட்டதா?" என்றது குட்டி.



வகை பிரிப்பது ஒழுங்குக்கு உதவும். தாகத்தோடு வந்தவரைத் திருப்பி அனுப்ப அதைக் காரணமாக்கக் கூடாது.

குட்டி ஓர் உதை உதைத்தால் போதும், மணல் சரிந்து ஊற்று மூடிவிடும். அது உதைக்கவில்லை. எழுந்து வழிவிட்டது. தாயின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.