அரண்மனை மாடியில் இறங்கிய புறாக்கள்

முன்னொரு காலத்தில் என்று தொடங்கினால் எந்தக் காலம் என்று கேட்பீர்கள். சேதி அனுப்பப் புறாவை விட்டால் வேறு வழியில்லாத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்டுத் தலைநகரில் பூவாயி அம்மாள் நடத்திய புறாக்கூடம் ஒன்றுதான் நெடுநாளாக இருந்தது. கூலி வாங்குவாள், சேதி போய்ச் சேரும். பிறகு எதிர்த்தெருவில் செம்புறாக் கூடம் என்று புதிதாக ஒன்று முளைத்தது. அங்கே எல்லாம் இலவசம். நாள் முழுக்க மாடியில் கம்பை வாரி இறைத்தார்கள். ஊரில் திரிந்த புறாவெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான், வியாபாரிகளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. காலையில் கடைவீதியில் கூடி அண்ணாந்து பார்ப்பதும், எந்த மாடியில் புறா அதிகமோ அந்தக் கூடத்தின் பங்குக்கு விலை ஏற்றுவதும்தான் வேலை.

"செம்புறாவுல இன்னிக்கு இன்னும் கூட்டம் ஏறியிருக்குங்க. இப்ப வாங்கிப் போட்டாத்தான் உண்டு" என்பார் ஒருவர்.

"கூலியே வாங்கலையே, லாபம் எங்கேர்ந்து வரும்?" என்பார் இன்னொருவர்.

"அதெல்லாம் பின்னாடி வரும். மொதல்ல புறா சேரட்டும்."

கேட்டவரும் பங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இந்தப் பேச்சு அரண்மனைக்குள்ளும் நுழைந்தது. ஒருநாள் மன்னர் மகரவர்மர் சபையில், "கிழக்கு ஏரியின் மதகைச் செப்பனிட வைத்திருக்கும் பொன்னைச் செம்புறாவில் போடலாம் என்றிருக்கிறேன்" என்றார். பொக்கிஷ அதிகாரி வில்லவராயர் முதல் ஆளாகத் தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்? வீட்டை விற்று அதில் பங்கு வாங்கிய மனிதராயிற்றே.

சபையில் இருந்த விகடகவி கோனேரிக்கு ஏரிக்கரைதான் கண்ணில் நின்றது. போன மழையில் மதகு பெயர்ந்து ஏரிக்கரைக் குடிசைகள் பாதி தண்ணீரோடு போயின. அவன் தங்கை கைக்குழந்தையோடு கூரைமேல் உட்கார்ந்து உயிர் தப்பினாள். அடுத்த மழைக்கு அதிக நாள் இல்லை.

"மன்னா, மாடியில் புறா இருப்பது உண்மை. அவை அந்தக் கூடத்துப் புறாக்கள்தானா?" என்றான்.

வில்லவராயருக்குச் சுருக்கென்றது. விகடகவியின்மேல் அவருக்கு எப்போதுமே ஒரு காய்ச்சல். "அரசே, இல்லை என்று இவர் நாளை உச்சிப்பொழுதுக்குள் நிரூபிக்கட்டும். ஆனால் ஒரு புறாவையும் தொடக்கூடாது, விரட்டக்கூடாது, செம்புறாவைப் பற்றி ஒரு குறையும் பேசக்கூடாது. முடியாவிட்டால் பொன் செம்புறாவுக்குப் போகட்டும், இவர் சபைக்கு வரவே வேண்டாம்."

மன்னருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. "சம்மதமா, கோனேரி?"

"சம்மதம், மன்னா. அரண்மனை மாடியில் உட்கார மட்டும் அனுமதி வேண்டும்."

வீட்டுக்கு வந்தவன், மாதப்படியாக வந்திருந்த பச்சைப்பயறு மூட்டையைத் தோளில் ஏற்றினான். மனைவி அலர்மேலு வழியை மறித்தாள்.

"மாசம் பூரா எதைத் திங்கிறது?"

"ஏரிக்காகத்தான்டி."

அவள் நாத்தனாரை நினைத்துக்கொண்டாள். "சரி, எடுத்துட்டுப் போங்க. கோணியையாவது திருப்பிக் கொண்டாங்க."

விடிந்ததும் கோனேரி அரண்மனை மாடியில் பயறைப் பரப்பிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்தான். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு புறா இறங்கிக் கொத்திப் பார்த்தது. அதைப் பார்த்து இன்னொன்று வந்தது. கம்பு தின்று அலுத்த கூட்டம் மொத்தமும் கொஞ்ச நேரத்தில் அரண்மனைக்கு இடம் மாறிவிட, செம்புறா மாடி வெறிச்சோடிப்போனது.

கடைவீதி கலங்கிப்போனது. செம்புறாப் பங்கைக் கேட்பாரில்லை. வியாபாரிகள் அரண்மனை வாசலில் முண்டியடித்தார்கள்.

"மகாராஜா, உங்க கூடத்துல எங்களுக்கும் பங்கு குடுங்க. என்ன விலைன்னாலும் சரி" என்றார் மூத்த வணிகர்.

"என் கூடமா? எது?"

"மாடியில அவ்வளவு புறா குவிஞ்சு கெடக்கே."

"அவை சேதி கொண்டுபோகுமா?"

"அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாங்க."

மன்னர் ஒன்றும் புரியாமல் மாடிக்கு ஏறினார், வில்லவராயர் பின்னாலேயே ஓடினார். அந்நேரம் பூவாயி அம்மாளின் புறா ஒன்று, காலில் கட்டிய ஓலைச்சுருளோடு அவர்கள் தலைக்கு மேலே பறந்தது. பயறை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே தன் கூட்டில் போய் இறங்கியது.

"நான் ஒன்றையும் தொடவில்லை, விரட்டவில்லை, ஒரு குறையும் சொல்லவில்லை. சாப்பாடு போட்டேன், வந்தன. நாளைக்கு வேறு யாராவது போட்டால் அங்கே போகும்" என்றான் கோனேரி.

மன்னருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பொன் அன்றைக்கே மதகு வேலைக்குப் போனது. தன் கைக்காப்பைக் கழற்றிக் கோனேரிக்குப் போட்டு, அவன் வீட்டுக்குப் பத்து மூட்டைப் பயறும் அனுப்பச் சொன்னார். பிறகு எச்சம் படிந்து கிடந்த தன் மாடியைச் சுற்றிப் பார்த்தார்.

"வில்லவராயரே, என் கூடத்தில் உமக்கு மட்டும் ஒரு பங்கு தருகிறேன்" என்று மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து நீட்டினார்.

மழை வந்தது. மதகு தாங்கியது, கோனேரியின் தங்கை தரையில் பாய் விரித்துத் தூங்கினாள். வில்லவராயர் மட்டும் நனைந்துகொண்டே மாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். வேறு யாரும் தீனி போடாததால், பயறு தீர்ந்து வெகுநாளாகியும் புறாக்கள் போவதாக இல்லை.