பெயர் பொறித்த வளையம்

ஓர் அருங்காட்சியகத்தில் கன்னியப்பன் என்றொரு ஊழியன் இருந்தான். அங்கே கூண்டில் வளர்க்கும் பறவைகளுக்குத் தீனி போடுவதும் செத்தவற்றைப் பாடம் செய்து வைப்பதும் அவன் வேலை.

ஓர் ஆவணியில், கோரைக்குள்ளேயே ஒளிந்து திரியும் கறுப்புக் கோழி ஒன்று சதுப்பில் பிடிபட்டது. அதன் நெற்றியில் சிவப்பாக ஒரு கொம்பு.

"புது இனம்! இதுக்கு என் பேருதான்" என்றார் இயக்குநர் பரசுராமன்.

"நம்ம பழுப்புத் தண்ணிக்கோழிதான் சார். சோடி சேர்ற காலத்துல மட்டும் சேவல் இப்படிக் கறுத்துப்போவும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? கார்த்திகையில அறிஞர்கள் வர்றாங்க. அவங்க முன்னால நிரூபி. இல்லேன்னா வேலையும் கிடையாது, குடியிருக்கிற வீடும் கிடையாது."

அந்த வீட்டில்தான் அவன் மனைவி எழ முடியாமல் படுத்திருந்தாள். கன்னியப்பன் தலையைச் சொறிந்தான்.

"அப்படியே புது இனம்னா, உங்க பேரு அதோட கால்லயே இருக்கட்டும் சார்."

இயக்குநருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெயர் பொறித்த வெள்ளி வளையத்தைத் தம் கையாலேயே மாட்டி இறுக்கினார். அதற்குப் பிறகு கூண்டுப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவில்லை.

கார்த்திகையில் அறிஞர்கள் முன்னால் திரையை விலக்கினார்கள். கூண்டில் பழுப்புக் கோழி நின்றது. கொம்பையும் காணவில்லை.

"திருட்டுப் பயலே! பறவையை மாத்திட்டியா?"

"காலைப் பாருங்க சார்."

அறிஞர் ஒருவர் குனிந்து வளையத்திலிருந்த பெயரை உரக்கப் படித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வேலை தப்பியது. ஆனால் சான்றுக்காக அந்தக் கோழியையே பாடம் செய்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் தன் கையில் நெல் தின்றதன் கழுத்தை அவனேதான் நெரிக்க வேண்டியிருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அது இன்னும் நிற்கிறது. வளையத்தை மட்டும் அவன் கழற்றவில்லை.